தலைமாட்டில் இருந்த பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சட்டம் போடவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். அட்டனில் மழை விடவில்லை, என் இருமலும் விடவில்லை. இந்த மழையில் யார் சேலை எடுக்க வரப்போகிறார்கள் என்று கடையை மத்தியானமே சாத்திவிட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. மதுரைப் பக்கம் ஒரு வைத்திய சங்கத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஏழை எளியவர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தும் தரும சங்கங்களுக்கெல்லாம் ஊர் ஊராகப் போய் யோசனை சொல்ல வேண்டும். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து நேரே தலைமன்னாருக்கு ரயிலேறிக் கப்பல் பிடிக்கிறாய். அட்டனுக்கு வந்துபோக நேரமில்லை. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடக்கி, கடைசியில் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முடித்திருக்கிறாய். படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யோசனை சொல்வதற்குச் சம்பளமா! இதே வேலையை நான் இந்த மலைநாடு முழுக்க வெறும் பிளேன்டீக்குச் செய்தேனே, அதுவும் பல இடங்களில் ஆறிப்போய்த்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீ வராமல் போவதற்கு நேரம் காரணமில்லை. ஒரு கட்டிலின் தலைமாட்டில் எழுதியிருந்த உன் அம்மாவின் பெயரை நான் என் கையால் சுரண்டி அழித்தேன். அதை நீ கண்ட நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடல் தாண்டுமுன் அதை நாம் இருவரும் பேசியாக வேண்டும். நேரில் பேசலாமென்றால் நீ வரமாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஜவுளிக்கடைக்காரனுக்கும் வைத்திய சங்கங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த தமிழர்களுக்கு ஓட்டுரிமை போச்சு என்று கடைவீதி முழுக்க எல்லோரும் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசி அலுத்தவர்கள் சிலர், ஆனது ஆகட்டும், நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று ஆங்காங்கே சின்னச் சின்னச் சங்கங்கள் வைத்தார்கள். ஒன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது, ஒன்று மருந்து கொடுத்தது. தோட்டத்துத் துரைமாருக்கு இங்கிலீஷில் மனு எழுத ஓர் ஆள் வேண்டும், கூட்டத்தில் இரண்டு முதலாளிமார் சட்டையைப் பிடித்துக்கொண்டால் விலக்கிவிட ஓர் ஆள் வேண்டும். எனக்கு இரண்டும் வந்தது. ஒரு சங்கத்தின் சிக்கலைத் தீர்த்தேன் என்று அடுத்த சங்கம் கூப்பிட்டது. தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவ என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறினேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள், நானும் நம்பினேன். மெய்யான கெட்டிக்காரி யார் என்று எனக்குத் தெரிந்தது றொசல்லையில்தான்.

உனக்கு அது ஞாபகமிருக்க வேண்டும். அங்கே ஒரு சங்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எடை பார்த்து, மெலிந்த பிள்ளைகளுக்குப் பால்மா கொடுக்க ஏற்பாடு செய்திருந்தது. கொழும்பிலிருந்து புதுத் தராசு வாங்கி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தாய்மார் வந்து தராசைப் பார்த்ததும் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு திரும்பிப் போனார்கள். "கண்ணூறு பட்டுரும்னு பயப்புடுறாங்க. படிக்காத சனங்க, என்னா செய்ய?" என்று செயலாளர் எனக்கு விளக்கினார். அன்று உன்னையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் செயலாளரோடு நாற்காலியில் உட்கார்ந்து யோசனை செய்துகொண்டிருந்தபோது அவள் வெளியே போய், திரும்பிப் போகிற பெண்களோடு பாதை ஓரத்தில் நின்று பேசிவிட்டு வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, கண்ணூறும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொழுந்து நிறுக்குறப்ப கூடைக்குன்னும் தண்ணிக்குன்னும் கணக்கப்புள்ள கழிக்கிறாருல்ல? தராசுல வெச்சது எதுவும் அவங்களுக்கு முழுசா திரும்பி வந்ததில்லையாம். புள்ளயிலயும் கழிச்சுப்புடுவீங்களோன்னு கேக்குறாங்க" என்றாள். அவள் தராசுத் தட்டைக் கழற்றச் சொன்னாள், ஒருத்தியிடம் பழைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொக்கியில் தொட்டிலாகக் கட்டினாள், உன்னைத் தூக்கி அதில் போட்டாள். தொட்டிலுக்குத் தாங்காத பெரிய பையன் நீ. காலிரண்டும் தரையில் இழுபட்டன, நீ வெட்கத்தில் கத்தினாய், பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாத்துக்கிருங்க, எம் புள்ள கொறையாமத்தான் எறங்கி வர்றான்" என்று அவள் உன்னை இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

உன் வேலைக்கு என்னிடமிருந்து ஏதாவது எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள். சங்கத்து ஆட்கள் வந்தவர்களைப் பற்றியே உன்னிடம் பேசுவார்கள். நீ வராதவர்களைத் தேடிப் போ. வராமல் போனதற்கு அவர்களிடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும், அது நாற்காலியில் உட்கார்ந்தவன் தலையில் உதிக்கவே உதிக்காது. அதைவிட முக்கியமாக, நீ கேட்டால் சொல்லமாட்டார்கள், அவர்களோடு நின்று பேசுகிறவளிடம் சொல்வார்கள். உன் அம்மா நின்று பேசத் தெரிந்தவள். எனக்கு உட்கார்ந்து பேசத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள். உனக்குத் தங்கச்சி வரப்போகிறாள் என்று அவளே முடிவுகட்டி, உன்னிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாடியில், இந்தப் பக்கத்து அறையில், தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போனார்கள். கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று மருத்துவச்சி சொன்னபோது காலம் கடந்திருந்தது. எரித்தோம், சாம்பலை ஓயா ஆற்றில் கரைத்தோம். நம் ஆட்களுக்குக் கல்லறை கிடையாதே, போய் நிற்க ஓர் இடமில்லை. நீ வாசலில் வந்து நின்று, பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் கூப்பிடுவது போலவே "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வாய். கீழே கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கும் எனக்கு அது கேட்கும். உன்னைக் கண்டிக்குப் போர்டிங்குக்கு அனுப்பியது படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் கூப்பாட்டை என்னால் தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

நீ போன பிறகு நான் வெறிபிடித்தவன் மாதிரி ஒரு காரியத்தில் இறங்கினேன். தோட்டத்துப் பெண்களும் கடைவீதிப் பெண்களும் பயமில்லாமல் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள அட்டனில் ஒரு விடுதி வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். அரிசிக்கடை மாமா தலைவரானார். சரக்கு வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து, நான்கு இரும்புக் கட்டில் போட்டோம். சோமா மிஸ்ஸி என்று ஒரு சிங்கள மருத்துவத்தாதி வேலைக்கு வந்தார், தங்கமான மனுஷி. நம் வழக்கம் உனக்குத் தெரியும். கோயிலுக்குக் குத்துவிளக்குக் கொடுத்தாலும் 'உபயம் இன்னார்' என்று வெட்டாமல் கொடுக்கமாட்டோம், குழல் விளக்குக் கொடுத்தால் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுவோம். கட்டில் கொடுத்தவர்களும் கேட்டார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர் பெயரைத் தலைமாட்டு இரும்பில் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அரிசிக்கடை மாமாவின் தாயார், இன்னும் இருவர், ஜன்னலோரக் கட்டிலில் 'விசாலாட்சி அம்மாள் நினைவாக'. பெயின்டர் எழுதி முடித்த அன்று நான் வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். நீ லீவுக்கு வந்தால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே அங்கேதான் போவாய். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பாய் என்று மிஸ்ஸி சொல்வார். நமக்குப் போய் நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சர்க்கார் அனுமதி வந்து விடுதி திறப்பதற்குள் உனக்கு இரண்டு லீவு வந்துபோய்விட்டது. முதன்முதலில் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள் பேச்சாயி. திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், தலைச்சன், மாமியார் கூட வந்திருந்தார். மிஸ்ஸி அவளை ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் தலைமாட்டைப் பார்த்து, "இதுல என்னா மொதலாளி எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"எம் பொஞ்சாதி பேரும்மா. அவ நெனவா நாந்தான் இந்தக் கட்டில போட்டேன்."

"நெனவான்னா... அவுங்க இல்லீங்களா?"

"இல்லம்மா. புள்ளப்பேறுல தவறிட்டா."

இதைக் கேட்டதும் பேச்சாயி எழுந்தாள். அந்த வலியிலும் கட்டில் கம்பியைத் தொடாமல் சுவரைப் பிடித்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நான் பதறி அடுத்த கட்டிலைக் காட்டினேன். அது யாருடையது என்று மாமியார் கேட்டார். அரிசிக்கடை முதலாளியின் தாயார் என்றேன். அதற்கடுத்தது? அதற்கும் அடுத்தது? நான் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க எனக்கே குரல் இறங்கிப்போயிற்று. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "மொதலாளி, கோவிச்சுக்கிறாதீங்க. அவுங்க நாலு பேரும் அவுங்கவுங்க கட்டில்ல நல்லா இருக்கட்டும். எங்க புள்ள கீழயே பெத்துக்கிறும்" என்றார். அப்படியே நடந்தது. சிமெந்துத் தரையில் கம்பளியை விரித்து, மிஸ்ஸி மண்டியிட்டுப் பிள்ளையை எடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். போன கையோடு கதை தோட்டங்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் படியில் ஒருத்தி ஏறவில்லை.

அவசரக் கூட்டம் போட்டோம். தோட்டத்துச் சனங்களுக்கு நல்லது செய்தாலும் ஏறாது என்று ஒருவர், துரையிடம் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்று ஒருவர். இதற்குள் கொட்டகலைப் பக்கம் ஒருத்தி, மருத்துவச்சி வந்து சேருமுன் லயத்து ஒற்றை அறைக் காம்பராவிலேயே போய்விட்டாள் என்று செய்தி வந்திருந்தது. நம் கட்டில்கள் நான்கும் விரித்த விரிப்புக் கலையாமல் கிடந்தன. நான் எழுந்து, பெயர்களை அழித்துவிட வேண்டும், நான்கையும், என்றேன். அரிசிக்கடை மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்காத்தா பேர அழிக்கச் சொல்ல நீ யாருய்யா? ஊருக்குத்தான் உபதேசமா? மொதல்ல ஓம் பொண்டாட்டி பேர அழி, அப்புறம் பாப்போம்!" என்று மேசையில் தட்டினார். கோபத்தில் சொல்லிவிட்டார், சொன்னதும் அவருக்கே தலை குனிந்துவிட்டது. பரவாயில்லை உட்காரு என்று பக்கத்திலிருந்தவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். எனக்கோ அந்த நேரத்தில் றொசல்லைப் பாதை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த உன் அம்மாதான் கண்ணில் நின்றாள். அவள் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெயரை எழுதவே விட்டிருக்கமாட்டாள். "ஏங்க, செத்தவ கட்டில்ல எவ படுப்பா?" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். நான் கூட்டத்திலிருந்து நேரே விடுதிக்குப் போனேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். கத்தியால் சுரண்டினேன். பெயின்ட் நல்ல பெயின்ட், லேசில் வரவில்லை. 'விசா' போய், 'லாட்சி' மட்டும் நின்றபோது ஒரு தடவை கை ஓய்ந்தது. அரிசிக்கடை மாமா என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டுபோய் அவர் தாயாரின் பெயரைச் சுரண்டத் தொடங்கினார். அழுதுகொண்டேதான் சுரண்டினார். மற்ற இரண்டு பெயர்களும் போன பிறகு கத்தியைத் திரும்ப வாங்கி நான் என்னுடையதை முடித்தேன்.

இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன், தம்பி. நாளைக்கே இன்னொரு தடவை அந்த நிலை வந்தாலும் சுரண்டத்தான் செய்வேன். அடுத்த லீவுக்கு நீ வந்தாய். வழக்கம் போல நேரே அங்கே போயிருக்கிறாய். தலைமாட்டில் பச்சைப் பெயின்ட், கட்டிலில் யாரோ ஒருத்தி, அவள் பக்கத்தில் ஒரு சிசு. கடைக்குள் வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாய். நான் "போய்ச் சாப்புடு, அப்புறம் பேசுவோம்" என்றேன். நீயும் அப்புறம் கேட்கவில்லை, நானும் அப்புறம் பேசவில்லை. ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் வாய் வலிக்க யோசனை சொன்னவனுக்கு, சொந்த மகன் கேட்ட ஒரே கேள்விக்கு யோசனை ஓடவில்லை.

விடுதி இப்போது நிறைந்து வழிகிறது. சில நாட்களில் கட்டிலுக்கு இருவர். எனக்கு உள்ளே இடமில்லை. பெயர்கள் போன மறுவாரமே மிஸ்ஸி வாசலில் திரை கட்டிவிட்டார். "மொதலாளி மாத்தயா, மன்னிக்கணும். ஆம்பளெ ஆளுங்க உள்ளுக்கு வர ஏலாது. பொம்பளெ ஆளுங்க வெக்கப்படறாங்க" என்றார். சரியான பேச்சு, நான் சொல்லியிருக்க வேண்டிய யோசனை. அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டிலை நான் பார்த்ததில்லை. அரிசிக்கடை மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நிர்வாகத்தில் இருக்கிற பையன்கள் நல்லவர்கள், என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. இதுவும் உன் தொழிலில் ஒரு பகுதிதான், இப்போதே தெரிந்துகொள். சொன்ன யோசனை பலித்தால், அது தாங்களே கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பலிக்காவிட்டால்தான் உன் பெயர் ஞாபகமிருக்கும். அதற்காக மனம் கசந்துபோகாதே. ஆனால் ஊர் ஊராகப் போகிறவன் எந்த ஊர்க்காரனும் இல்லாமல் போய்விடுவான், அதற்குமட்டும் பயப்படு. போகிற இடத்தில் விடுதியில் தனியே சாப்பிடாமல் யார் வீட்டிலாவது கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு. நின்று பேசத் தெரிந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள். அவள் சொல்வதைக் கேள். நான் தனியாளாக இருந்து பழகிவிட்டேன் என்று உனக்கு எழுதி எழுதி ஏமாற்றியிருக்கிறேன். பழகவில்லை. கடை சாத்தியபின் இந்த மாடி ஏறும்போது ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு நாள் வந்துவிட்டுப் போ. காலை ரயிலில் ஏறினால் பொழுதோடு வந்துவிடலாம், றொசல்லை தாண்டும்போது குளிரும், கம்பளிச்சட்டை எடுத்து வா. வந்தால் நிறையப் பேச வேண்டாம். விசாலாட்சி என்று அவள் பெயரைச் சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன், ஆளில்லாத நேரத்தில் சொல்லியும் பார்க்கிறேன். ஆனால் அவளை 'அம்மா' என்று கூப்பிட என்னால் முடியாது, அதற்கு உலகத்தில் நீ ஒருவன்தான் உண்டு. அந்த வார்த்தை இந்த வீட்டில் கேட்டு வருஷக் கணக்காகிறது. வாசலில் நின்று, பள்ளிக்கூடம் விட்டு வருவாயே, அதே மாதிரி ஒரு தடவை கூப்பிடு. முன்பு போல உன்னை எங்கும் அனுப்பிவிடமாட்டேன். நான் மாடியிலிருந்து "வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வருகிறேன்.

அப்பா